மெய்நிகர் கணினியில் நெட்வொர்க் மந்தமா? முதலில் பின்முனை டிரைவரைப் பாருங்கள்

கேவிஎம்மில் (லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்க வசதி) இயங்கும் மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் மந்தமாக இருப்பதாகப் புகார் வந்தால், பலரும் ஸ்விட்ச்சையும் கேபிளையும்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அதற்கு முன், கெஸ்ட் (மெய்நிகர் கணினி) அனுப்பும் பாக்கெட்டை ஹோஸ்ட்டில் (அதைத் தாங்கும் உண்மையான கணினி) எது வாங்கிக்கொள்கிறது, அதாவது பின்முனை எது, என்று பார்த்துவிடுவது நல்லது.

கெஸ்ட்டுக்குள் ஈத்டூல் கட்டளையை ‘ஐ’ விருப்பத்துடன் இயக்கினால் டிரைவரின் பெயர் தெரியும். இ1000 என்று வந்தால், மெய்நிகர் கணினிக்கு வன்பொருளைப் போலச் செய்துகாட்டும் க்யூஈமூ என்ற மென்பொருள் ஒரு பழைய இன்டெல் கார்டைப் போல நடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கார்டின் ரெஜிஸ்டரில் கெஸ்ட் எழுதும்போது பிராசஸர் கெஸ்ட்டை விட்டு வெளியேறி ஹைப்பர்வைசருக்கு (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், வேகம் அங்கேயே அடிபடுகிறது. அப்படியானால் லிப்வர்ட் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) கோப்பில் கார்டின் மாடலை விர்ட்டியோ (மெய்நிகர் கணினிக்கென்றே வடிவமைக்கப்பட்ட கார்டு வகை) என்று மாற்றுங்கள். கெஸ்ட் விண்டோஸாக இருந்தால் விர்ட்டியோ டிரைவரை முன்கூட்டியே நிறுவிவிடுங்கள். இல்லையென்றால் மறுமுறை இயக்கும்போது நெட்வொர்க்கே இருக்காது.

விர்ட்டியோவில் நடிப்புக்கு வேலை இல்லை. கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் நினைவகத்தில் ஒரு வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. கெஸ்ட்டில் உள்ள முன்முனை டிரைவர், பாக்கெட் இருக்கும் முகவரியையும் அதன் நீளத்தையும் அவ்வரிசையில் எழுதிவிட்டு, பின்முனைக்கு ஒரு தட்டு தட்டுகிறது. பின்முனை ஏற்கெனவே வரிசையைப் படித்துக்கொண்டிருந்தால், ‘இப்போது தட்ட வேண்டாம்’ என்று ஒரு குறியை வைத்துவிடும். அதனால் பல பாக்கெட்டுகள் ஒரே தட்டில் போய்விடுகின்றன.

அந்தப் பின்முனை எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அது க்யூஈமூவுக்குள் இருந்தால், பாக்கெட்டுகளின் ஒவ்வொரு தொகுதியும் கெர்னலுக்கு வெளியே உள்ள பயனர் தளத்துக்கு ஏறி, டேப் (ஹோஸ்ட் கெர்னலில் உள்ள மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) இடைமுகத்துக்காக மீண்டும் கெர்னலுக்கு இறங்க வேண்டும். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் பின்முனையான விஹோஸ்ட்-நெட் இருந்தால், கெர்னலில் உள்ள த்ரெட் ஒன்றே கெஸ்ட்டின் நினைவகத்திலிருந்து பாக்கெட்டை நேரடியாக எடுத்து டேப்பிடம் தந்துவிடும். அங்கிருந்து பிரிட்ஜ் (ஹோஸ்ட்டுக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) வழியாக உண்மையான கார்டுக்குப் போகும். க்யூஈமூவின் யூசர் மோட் நெட்வொர்க்கில் டேப் இல்லாததால் விஹோஸ்ட்டும் கிடையாது.

விஹோஸ்ட் மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதை ஹோஸ்ட்டில் எல்எஸ்மாட் கட்டளை காட்டும். லிப்வர்ட்டில் ஒரு வழுக்கல் உண்டு: டிரைவரின் பெயரைக் குறிப்பிடாவிட்டால், விஹோஸ்ட் இல்லாத ஹோஸ்ட்டில் அது எந்த எச்சரிக்கையும் இன்றி க்யூஈமூ பின்முனைக்கு மாறிவிடும். இதைக் கவனிக்காமல் ஒரு முழு மாலை கேபிள்களை மாற்றிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இடைமுகப் பகுதியில் டிரைவர் பெயரை விஹோஸ்ட் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மாட்யூல் இல்லையென்றால் மெய்நிகர் கணினி கிளம்பாமல் பிழை காட்டும். மௌனத்தைவிட அந்தப் பிழை எவ்வளவோ மேல். மாற்றிய பிறகு கெஸ்ட்டுக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. முழுவதுமாக நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகும் வேகம் போதவில்லை என்றால், நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓடும்போது ஹோஸ்ட்டில் டாப் கட்டளையை த்ரெட்டுகளைக் காட்டும் முறையில் திறந்து பாருங்கள். ‘விஹோஸ்ட்’ என்று தொடங்கும் ஒரு த்ரெட் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டு நின்றால், ஒரே வரிசைதான் நெரிசலுக்குக் காரணம். அதே டிரைவர் வரியில் க்யூக்களின் (வரிசைகளின்) எண்ணிக்கையை, கெஸ்ட்டின் விசிபியூ (மெய்நிகர் பிராசஸர்) எண்ணிக்கையை மீறாமல், எடுத்துக்காட்டாக 4 என்று கூட்டுங்கள்; கெஸ்ட் அவற்றை எடுத்துக்கொண்டதா என்பதை ஈத்டூலின் சேனல் பட்டியலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே இணைப்பில் மட்டும் கோப்பு நகலெடுப்பவருக்கு இதனால் பெரிய பயன் இராது; பல இணைப்புகள் ஒரே நேரத்தில் ஓடும் சர்வர்களில்தான் வேறுபாடு தெரியும்.