சர்வே மீட்டர் பூஜ்யம் காட்டினால் நம்பாதீர்கள்

போன மாதம் ஒரு பைப்லைன் வேலையில், ஷாட் முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை எட்டிப் பார்த்தார். "ஜீரோ அண்ணே, கிளியர்" என்று சொல்லிக்கொண்டே கேமராவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து நிறுத்தினேன். ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன்னால் நானும் இதே மாதிரிதான் நடந்தேன்.

வெல்டிங் ஜாயின்ட்டுகளை இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துப் படம் எடுக்கும் காமா ரேடியோகிராஃபி பற்றித்தான் சொல்கிறேன். ஒருமுறை படம் எடுப்பது ஒரு ஷாட். கேமரா என்பது அந்த இரிடியத்தை வைத்திருக்கும் கவசப் பெட்டி. டோஸை, அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்யும் பேட்ஜை மாட்டு, கயிறு கட்டு, எச்சரிக்கைப் பலகை வை என்பதையெல்லாம் பயிற்சியிலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகும் நாம் செய்யும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

பூஜ்யத்தை நம்புவது

கேமராவுக்குள் இருக்கும் இரிடியம், அதாவது சோர்ஸ், மிளகளவுதான். கிராங்கைச் சுற்றினால் கேபிளோடு கைடு டியூப் வழியாக ஜாயின்ட் வரைக்கும் போகும். நேரம் முடிந்ததும் திருப்பிச் சுற்றினால் உள்ளே வர வேண்டும். எப்போதும் வந்துவிடும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. டியூப் எங்காவது நசுங்கியிருக்கலாம், கேபிளின் இணைப்பு கழன்றிருக்கலாம். கிராங்க் சுற்றும் கைக்கு அது தெரியாது.

30 கியூரி பலமுள்ள சோர்ஸ் வெளியே இருந்தால் ஒரு மீட்டர் தூரத்தில் நம் உடல் வாங்கும் டோஸ் மணிக்குச் சுமார் 140 மில்லிசீவர்ட். நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. அந்த இடத்தில் எட்டு ஒன்பது நிமிடம் நின்றாலே அது தீர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் அளவு பத்தாயிரம் மடங்கு. அந்த இடத்தில் நொடிக்கணக்கே விரலைப் புண்ணாக்கிவிடும்.

இருபது வருடங்களுக்கு முன்னால் நான் அப்படி நடந்த அன்றைக்கு இரவு வேலை. நாற்பது ஜாயின்ட் முடிக்க வேண்டும். பதினேழாவதோ பதினெட்டாவதோ ஷாட் முடிந்து திருப்பிச் சுற்றினேன். மீட்டர் பூஜ்யம். நிம்மதியாக நடந்தேன். கேமராவுக்கு மூன்று மீட்டர் இருக்கும்போது சீனியர் அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "ஆரம்பத்துல மீட்டரைக் கேமரா மேல வச்சப்ப எவ்வளவுடா காட்டுச்சு?" எனக்குத் தெரியவில்லை. வைத்துப் பார்க்கவே இல்லை. "அப்படியே பின்னால வா" என்றார். இன்னொரு மீட்டரை ஆன் செய்ததும் பத்து மீட்டரிலேயே எகிறியது. சோர்ஸ் கேமராவுக்கு ஒரு முழம் வெளியே, டியூபின் வளைவில் சிக்கிக் கிடந்தது. என் மீட்டரில் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஷாட் ஓடிக்கொண்டிருந்தபோதே அது பூஜ்யம்தான் காட்டியிருக்கும். அப்போது நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டினோம். ஆர்.எஸ்.ஓ. (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) வந்து மீட்கும்வரை யாரும் கிட்டே போகவில்லை.

விஷயம் இதுதான். சோர்ஸ் பத்திரமாக உள்ளே இருந்தாலும் கேமராவின் மேல் மீட்டர் கொஞ்சம் காட்டியே ஆக வேண்டும். கவசத்தைத் தாண்டி எப்போதும் சிறிது கசியும். அங்கே பூஜ்யம் என்றால் மீட்டர் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சோர்ஸ் அந்த இடத்தில் இல்லை. சில பழைய ஜி.எம். (கெய்கர்-முல்லர்) மீட்டர்கள் கதிர்வீச்சு மிக அதிகமானால் திணறிப்போய்ப் பூஜ்யத்துக்கே இறங்கிவிடும்.

அதனால் முதல் ஷாட்டுக்கு முன்னால் மீட்டரைக் கேமரா மேல் வைத்து வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஷாட்டின்போது மீட்டர் ஏறுகிறதா, திருப்பிச் சுற்றியதும் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் மீட்டரைக் கையில் பிடித்தபடியே போய்க் கேமராவின் வாய், பக்கங்கள், டியூபின் முழு நீளம் என்று பாருங்கள். காலையில் வந்த எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

என்னை இன்றும் கொதிக்க வைப்பது லாக்புக். ஒரு தளத்தில் நாற்பது ஜாயின்ட்டுக்கும் சர்வே கட்டத்தில் ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வு. பன்னிரண்டு ஷாட்தான் முடிந்திருந்தது, ஆனால் நாற்பது வரிகளும் நிரம்பியிருந்தன. டீ குடிக்கும்போது எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். மீட்டரைப் பிடிக்கும் கோணம் மாறினாலே எண் கொஞ்சம் மாறும். நாற்பது முறை ஒரே எண் வருகிறதென்றால் யாரும் மீட்டரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தணிக்கைக்கு வருபவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பொய்யை நம்பிக் கேமராவைத் தூக்கப்போவது அடுத்த ஷிஃப்ட்காரர்.

1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யானாங்கோ நீர்மின் நிலையத்தில், கழன்று விழுந்து கிடந்த 37 கியூரி இரிடியம் சோர்ஸை ஒரு வெல்டர் எடுத்துப் பேண்ட்டின் பின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்து அப்படியே வீட்டுக்கும் போனார். கழுவிய ஃபிலிமில் படமே விழாததைப் பார்த்த பிறகுதான் சோர்ஸைத் தேடினார்கள். அவர் ஒரு காலை இழந்தார். ஃபிலிம் வெறுமையாக வரும்வரை காத்திருக்காமல், காலையில் எழுதிய எண்ணோடு அந்தக் கேமராவை ஒருமுறை ஒப்பிட்டிருந்தாலே போதும்.

கழன்ற சோர்ஸைக் கையால் எடுப்பது

எடுக்காதீர்கள். ஒரு நொடிக்குக்கூட வேண்டாம்.

பேட்ஜைக் கேமரா அறையில் தொங்கவிடுவது

மூன்று மாதம் கழித்து அதிக டோஸ் என்று விசாரணை வரும். அதை வாங்கியது நீங்களா அல்லது சுவரா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

பழைய ஷாட் நேரத்தையே வைத்துக்கொள்வது

இரிடியத்தின் பலம் 74 நாளில் பாதியாகிவிடும். சிதைவு அட்டவணையைப் பார்க்காமல் எடுத்தால் படம் வெளிறிப் போகும், அதே ஜாயின்ட்டை மறுபடி எடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு மறு ஷாட்டும் தேவையில்லாத டோஸ்.

சோர்ஸ் இல்லாத கேமராவைக் காலிப் பெட்டி என்று நினைப்பது

நாம் பயன்படுத்தும் பல கேமராக்களின் கவசம் செறிவு குறைக்கப்பட்ட (டிப்ளீட்டட்) யுரேனியம். சோர்ஸைத் திருப்பி அனுப்பிய பிறகும் அது அணுப்பொருள்தான், கணக்கில் இருந்தாக வேண்டும். இரும்புக்கடைக்குப் போகக்கூடாது. 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது நினைவிருக்கும். 1985 முதல் பயன்படுத்தாமல் கிடந்த பல்கலைக்கழகக் கோபால்ட்-60 கருவி ஏலத்தில் போய், பழைய இரும்புச் சந்தையில் அறுக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் ஸ்டோரில் மூலையில் கிடக்கும் பழைய கேமராவின் சீரியல் எண்ணை இன்றைக்கே பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போது மீட்டரும் கையில் இருக்கட்டும்.