பூனைக்குத் தீராத அரிப்பா? எட்டு வார உணவுச் சோதனையைச் சரியாகச் செய்யும் முறை

வெயில், மழை என்று காலம் பார்க்காமல் ஆண்டு முழுக்க அரிப்பு. முகத்தையும் கழுத்தையும் காதோரத்தையும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். சில பூனைகள் அடிவயிற்று முடியை நக்கியே மழித்துவிடும். முதுகைத் தடவினால் கடுகு கடுகாகப் பொருக்கு கைக்குத் தட்டுப்படும். இவற்றோடு அடிக்கடி வாந்தியோ இளகிய மலமோ இருந்தால், உணவு ஒவ்வாமையைச் சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. ஒவ்வாமை தராத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்து, அரிப்பு குறைகிறதா என்று பார்ப்பதுதான் உணவுச் சோதனை.

"புதுசா எதுவும் கொடுக்கலையே" என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் முதல் பதில். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டுப் பழகிய புரதத்துக்குத்தான் பெரும்பாலும் ஒவ்வாமை வருகிறது. பூனைகளிடம் அதிகம் காணப்படுபவை மாட்டிறைச்சி, மீன், கோழி. தானியத்தால் வருவது குறைவு. அதனால் தானியம் இல்லாத தீவனத்துக்கு மாறினாலே சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். பால் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கு வருவது வேறு கதை. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது அது.

முதலில் பூச்சியைப் பாருங்கள்

உணவில் கை வைக்கும் முன் தெள்ளுப்பூச்சி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பேன் சீப்பால் வாலடியிலும் முதுகிலும் சீவி, வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத்தாளில் வையுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். எதுவும் வராவிட்டாலும் பூச்சி இல்லை என்று ஆகிவிடாது. பூனை நக்கும்போதே விழுங்கிவிடும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் பிடரியில் விடும் சொட்டுமருந்தை (ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்றவை) மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதனைக் காலம் முழுக்கப் போட்டுவாருங்கள். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தை ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது. பூனையின் உயிரையே பறித்துவிடும். சிரங்குப் பூச்சி, காதுப்பூச்சி, படர்தாமரை இவற்றையும் மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்து விலக்க வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் இதற்கு அணுகலாம்.

ரத்தம், முடி, எச்சில் கொடுத்துச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். உணவு ஒவ்வாமை விஷயத்தில் அவற்றின் முடிவை நம்ப முடியாது. உணவை மாற்றிப் பார்ப்பதுதான் பரிசோதனை.

எந்த உணவு?

சுலபமான வழி, மருத்துவர் எழுதித்தரும் ஹைட்ரோலைஸ்டு தீவனம். அதில் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்திருப்பார்கள்; உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் காணாது. விலை அதிகம்தான், ஆனால் சத்துக் கணக்கு பற்றிய கவலை இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பாக்கெட்டுகள் சோதனைக்கு ஆகாது. 'கடல் மீன்' என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பின்பக்கம் பொருள் பட்டியலில் கோழி இருப்பது சகஜம்.

இரண்டாவது வழி, பூனை இதுவரை தொட்டே இராத இறைச்சி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கோழி ஒத்துக்கொள்ளாத பூனைக்குக் காடையும் வாத்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் அதே உறவு. மத்தியை நிறுத்திவிட்டு நெத்திலி கொடுப்பதில் பயனே இல்லை. நம் ஊரில் பொருத்தமானவை பண்ணை முயலும் வெண்பன்றியும். காட்டு முயலைத் தேடிப் போகாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

எலும்பு நீக்கிய கறியைச் சிறு துண்டாக்கி, வெறும் தண்ணீரில் 20 நிமிடமாவது, உள்ளே சிவப்பு மறையும் வரை வேகவிடுங்கள். உப்பு, மஞ்சள், மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. அவை வெந்த சாறுகூட ஆகாது. 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு வெந்த கறி சுமார் 120 முதல் 130 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. வெறும் கறியில் கால்சியம் போதாது. டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனையின் இதயமும் பார்வையும் கெடும். டாரின் வழக்கமாக நாளுக்கு 250 மில்லிகிராம். கால்சியம் கார்பனேட் பொடியின் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கும் சினைப்பூனைகளுக்கும் இந்த வீட்டுச் சமையல் வேண்டாம், தீவனமே சரி.

பழைய உணவில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதியதைக் கலந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பங்கைக் கூட்டி, 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றுங்கள். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று பட்டினி போடுவது பூனையிடம் ஆபத்தான வேலை. சில நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். 24 மணி நேரம் வாய் வைக்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

முழுதாக மாறிய நாளிலிருந்துதான் எட்டு வாரம் தொடங்குகிறது. பூனை வெளியே போகக் கூடாது. பல்லியும் எலியும் அடுத்த வீட்டு மீன் தலையும் எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும். பாட்டி பாசத்தோடு வைக்கும் ஒரு வாய் தயிர்சாதம், பிள்ளைகள் நீட்டும் பிஸ்கட், நக்கித் தின்னும் குழம்புப் பாக்கெட், மீன் எண்ணெய், இறைச்சி வாசனை சேர்த்த குடற்புழு மாத்திரை எல்லாமே உணவுதான். மாத்திரைக்கு வாசனையற்ற மாற்று உண்டா என்று கேளுங்கள். வேறு பூனைகள் இருந்தால் தனி அறையில் வைத்துக் கொடுங்கள். தவறுதலாக ஏதாவது தின்றுவிட்டால் தேதியோடு எழுதிவையுங்கள்; அடுத்த சில நாள் அரிப்பு கூடினால் காரணம் தெரியும்.

வாரம் இருமுறை அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, புண்ணை ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள். எடையும் பாருங்கள்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும். அரிப்பு தாங்க முடியாத அளவு இருந்தால் மருத்துவர் தொடக்கத்தில் ஸ்டீராய்டு தரலாம். அதை நிறுத்தியபின் குறைந்தது இரண்டு வாரம் இதே உணவில் வைத்துப் பார்த்தால்தான், குணம் மருந்தாலா உணவாலா என்று தெரியும். நமக்கான மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு.

நன்றாகிவிட்டதும் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள், பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் சோதனை முடியும். சில மணி நேரத்திலோ, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள்ளோ அரிப்பு திரும்பினால் உணவு ஒவ்வாமை உறுதி. உடனே சோதனை உணவுக்கே திரும்பி, தோல் அடங்கியபின் கோழி மட்டும் இரண்டு வாரம், பிறகு மீன் மட்டும் இரண்டு வாரம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது கெடுக்கிறது என்று பெயரோடு தெரிந்தால், மற்றதை நிம்மதியாகக் கொடுக்கலாம். பழைய உணவுக்கு இரண்டு வாரமாகியும் அரிப்பு திரும்பவில்லை என்றாலோ, எட்டு வாரக் கட்டுப்பாட்டிலும் குறையவே இல்லை என்றாலோ, தூசி, மகரந்தம் போன்ற சூழல் ஒவ்வாமைப் பக்கம் மருத்துவரோடு பேச வேண்டும். முகம் வீங்கினாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ சோதனையை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஒத்துக்கொள்ளாத பொருள்களின் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பூனையின் தடுப்பூசி அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரே தீவனத்தைத் தொடர்ந்து வாங்கினாலும் ஒவ்வொரு பையின் பொருள் பட்டியலையும் படித்துவிட்டே திறங்கள். முன்பக்க அட்டை மாறாமலேயே உள்ளே சேர்மானம் மாறியிருக்கலாம்.