கைப்பிடி காயில் ஒரு மதியச் சாப்பாடு: மாடித்தோட்டப் புளிக்கூட்டும் கீரை மசியலும்

மாடித் தோட்டம் வைத்த எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். கூடையில் நான்கு வெண்டைக்காய் இருக்கிறது, இரண்டு கத்தரிக்காய், ஒரு பிடி அவரை, மூன்று தக்காளி. எதை எடுத்தாலும் ஒரு பொரியலுக்குக் காணாது. சேரட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த பறிப்புக்குள் முதல் வெண்டை சுருங்கிவிடும். செடியிலேயே விட்டால் இரண்டே நாளில் முற்றி நாராகிவிடும்.

நான் கண்ட விடை எளியது. கால் கிலோ கத்தரிக்காய், அரைக் கிலோ அவரை என்று தொடங்கும் சமையல் குறிப்புகளை மறந்துவிடுங்கள். அவை கடையில் எடை போட்டு வாங்குகிறவர்களுக்கு எழுதியவை. தோட்டத்துக் காயைக் கலந்துதான் சமைக்க வேண்டும். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு செய்கிற ஏழு கறிக் கூட்டையும், பொங்கலன்று பல வீடுகளில் வைக்கிற பல காய்க் குழம்பையும் நினைத்துப் பாருங்கள். ஆடிப் பட்டத்தில் போட்ட அவரையும் பரங்கியும் அந்தக் குளிர் மாதங்களில்தான் கொடி நிறையக் காய்க்கும். இருப்பதையெல்லாம் ஒரே சட்டியில் சேர்க்கும் சமையல் அப்படி வந்ததுதான்.

கீழே இருப்பது மூன்று நான்கு பேருக்கான மதியச் சாப்பாடு: ஒரு புளிக்கூட்டு, ஒரு கீரை மசியல். சோறு வடிப்பதும் தாளிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பறிப்பது

காலை வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். அப்போது காயில் நீர்ச்சத்து நிறைந்திருக்கும், இலை துவண்டிருக்காது.

வெண்டையின் நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் முற்றல். அதைக் குழம்பில் சேர்க்காதீர்கள், செடியிலேயே காயவிட்டு விதைக்கு வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்குத் தோலின் பளபளப்புதான் அளவு. பளபளப்பு மங்கிவிட்டால் உள்ளே விதை பழுப்பேறியிருக்கும், கசக்கும். அவரையில் விதை புடைப்பதற்கு முன் எடுத்தால் தோலோடு சமைக்கலாம். புடைத்துவிட்டால் உரித்து விதையை மட்டும் போடுங்கள், அதுவும் நல்ல ருசிதான்.

கையால் பிய்க்க வேண்டாம். ஒரு சின்னக் கத்தரிக்கோலைத் தோட்டத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வெண்டையையும் கத்தரியையும் இழுத்துப் பறித்தால் கிளையின் தோலும் உரிந்து வந்துவிடும். விலை கூடிய தோட்டக் கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

கீரையைக் கடைசியில், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் எடுத்தால் போதும். முளைக்கீரை விதைத்த 25 நாளிலிருந்து வேரோடு பிடுங்கத் தயாராகிவிடும். அரைக்கீரையை அடியில் இரண்டு விரல் உயரம் விட்டு அறுங்கள், மறுபடி தழைக்கும்.

2. கழுவுவது

காயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கீரைக்கு மட்டும் ஒரு முறை இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, கீரையை அலசி, கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மண் அடியில் தங்கிவிடும். பாத்திரத்தைச் சல்லடையில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் கீரை மேலேயே விழும். தொட்டிச் செடிகளில் மழை பெய்தால் மண் தெறித்து இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும்; அந்த நாட்களில் தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். கழுவிய பிறகுதான் நறுக்க வேண்டும்.

3. நறுக்கி வைப்பது

எல்லாக் காயும் சேர்ந்து இரண்டரைக் கப் வந்தால் போதும். ஒரே தட்டில் குவிக்காமல், வேகும் நேரம் பார்த்துத் தனித்தனிக் குவியலாக வையுங்கள்:

- முதல் குவியல்: கொத்தவரை, அவரை, பச்சை மொச்சை, முருங்கைக்காய், கிழங்கு ஏதாவது இருந்தால் அது.
- இரண்டாவது: கத்தரி, வாழைக்காய், பரங்கி, புடலை.
- மூன்றாவது: பிஞ்சுச் சுரை, பீர்க்கு.
- தனியே: வெண்டை, தக்காளி.

எல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று வகை இருந்தாலே கூட்டு நன்றாக வரும். கத்தரியை நறுக்கியதும் தண்ணீரில் போட்டுவிடுங்கள், காற்றுப் பட்டால் கறுக்கும். அவரையின் இரண்டு ஓரத்திலும் நாரை இழுத்து எடுங்கள். அன்று பறித்த அவரையில் அந்த நார் நுனியிலிருந்து காம்புவரை அறுபடாமல் ஒரே இழையாக வரும், விரலில் பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளும். சமையலில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது. யாராவது கூட உட்கார்ந்தால் பேசிக்கொண்டே முடித்துவிடலாம்.

4. வேகவைப்பது: புளி எப்போது?

முழுச் சமையலிலும் கவனம் கேட்கும் இடம் இதுதான். எனக்கும் இது பிடிபட நாளானது. குறிப்புகள் பெரும்பாலும் "காய்களைப் புளித்தண்ணீரில் வேகவிடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஒரே காய் என்றால் அது எப்படியோ நடந்துவிடும். கலவைக் காய்களில் நடக்காது. கத்தரி குழைந்துவிடும், கொத்தவரை அப்படியே கடக்கென்று இருக்கும். இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று கொதிக்கவிட்டாலும் கொத்தவரை இளகாது.

காரணம் புளிப்பு. காயின் செல் சுவர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வெறும் தண்ணீரில் சூடு ஏற ஏற அது கரையும், காய் மெத்தென்று ஆகும். தண்ணீர் புளிப்பாக இருந்தால் அந்தக் கரைதல் மிக மெதுவாகிவிடும். பருப்புக்கும் இதே கதைதான். தக்காளியைப் பருப்போடு முதலிலேயே போட்டால் பருப்பு மசியாமல் நிற்பது இதனால்தான்.

ஆகவே வரிசை இப்படி:

கால் கப் பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, கழுவி, தனியாக மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். குழைய வேண்டாம். துவரம்பருப்பும் போடலாம், ஆனால் தோட்டத்துப் பிஞ்சுக் காய்களின் ருசியை அது அமுக்கிவிடும் என்பது என் எண்ணம்.

சட்டியில் முதல் குவியலைப் போட்டு, காய் பாதி முங்கும் அளவு தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், கொஞ்சம் உப்பு சேர்த்து மூடுங்கள். கடைக் காய்க்குச் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். அன்றைக்குப் பறித்தது சீக்கிரம் வேகும். ஐந்தாவது நிமிடமே ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். முக்கால் பதம் வந்ததும் இரண்டாவது குவியல். அதுவும் பாதி வெந்த பிறகு மூன்றாவது. சுரையும் பரங்கியும் தாமே தண்ணீர் விடும், அதனால் இடையில் தண்ணீர் ஊற்ற அவசரப்பட வேண்டாம்.

எல்லாக் காயும் விரலில் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் தக்காளி. அதற்குப் பிறகு, சின்ன நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்து ஊற்றுங்கள். தக்காளி நாட்டுத் தக்காளியாக இருந்தால் புளியைப் பாதியாகக் குறைக்கலாம். பச்சை வாசனை போக ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். இனிமேல் காய் குழையாது, புளிப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

வெண்டைக்கு மட்டும் வேறு வழி. அதை இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் தனியாக வதக்குங்கள். கழுவிய ஈரத்தை முதலில் துடைத்துவிட வேண்டும். பாதி வதங்கியதும் ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர் தெளித்தால் வழவழப்பு அடங்கும். இறக்கும்போது கூட்டில் சேர்த்தால் போதும்.

குக்கரில் எல்லாவற்றையும் போட்டு இரண்டு விசில் விடலாமே என்று தோன்றும். பருப்புக்குக் குக்கர் சரி. காய்க்கு வேண்டாம். காலையில் பறித்த காயை விசிலுக்குக் கொடுத்தால் எது கத்தரி, எது பரங்கி என்று நாக்குக்குத் தெரியாது. நான் மண்சட்டியில்தான் வைக்கிறேன். அடுப்பை அணைத்த பிறகும் அதில் கொதி நிற்கும், எனவே கொஞ்சம் முன்னதாகவே அணைத்துவிடுங்கள்.

5. அரைத்து விடுவதும் தாளிப்பதும்

மூன்று டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஒரு டீஸ்பூன் சீரகம், இரண்டு காய்ந்த மிளகாய், ஊறவைத்த பச்சரிசி ஒரு டீஸ்பூன். இவ்வளவையும் நைசாக அரைத்து, வெந்த பருப்போடு சேர்த்துக் காயில் கலக்குங்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். சாம்பார்ப் பொடியும் கரம் மசாலாவும் இதில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரையின் மணத்தை அவை மறைத்துவிடும்.

தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம். கறிவேப்பிலைச் செடி வீட்டிலேயே இருந்தால், எண்ணெய் காயும்போது போய் ஒரு கொத்து ஒடித்து வாருங்கள். கடுகு வெடித்து முடிந்ததும் அதைப் போட்டால் எழும் வாசனை வாங்கிய கறிவேப்பிலையில் வரவே வராது. தோட்டம் வைத்ததற்கு அந்த ஒரு நொடியே எனக்குப் போதும்.

6. கீரை மசியல்

இது எளிது. முளைக்கீரையோ சிறுகீரையோ அரைக்கீரையோ நறுக்கி, நான்கு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், கால் டம்ளர் தண்ணீர் சேர்த்து வேகவிடுங்கள். மூடக் கூடாது. கீரை வேகும்போது அதிலிருந்து கிளம்பும் அமிலம் ஆவியோடு வெளியே போக வேண்டும். மூடினால் உள்ளேயே தங்கிப் பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். நிறத்துக்காகச் சோடா உப்பு போடாதீர்கள், சத்து போய்விடும்.

உப்பைக் கடைசியில் போடுங்கள். சட்டி நிறைய இருந்த கீரை கைப்பிடியாகச் சுருங்கும். முதலில் கண்ணளவில் போட்ட உப்பு பிறகு கரித்துக் கொட்டும். வெந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, மத்தால் கடைந்து, அந்தத் தண்ணீரையே திரும்ப விட்டுத் தளர்த்துங்கள். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் அரைத்தால் தண்டும் இலையும் ஒன்றாகிக் கொழகொழப்பாகும், மத்தில் கடைந்தால் இலை இழை நாக்கில் தட்டுப்படும். அந்தச் சொரசொரப்புதான் மசியல். மேலே ஒரு ஸ்பூன் நெய் விட்டு, சூடான சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள்.

ஒரே கீரை போதவில்லையா? முள்ளங்கி இலை, பரங்கிக் கொடியின் கொழுந்து, கொடிப்பசலை எல்லாம் ஒன்றாகச் சேரும். முருங்கையும் பொன்னாங்கண்ணியும் மசியாது, அவற்றைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிச் செடியின் இலையையும் கத்தரி இலையையும் எந்தக் கலவையிலும் சேர்க்காதீர்கள்.

படித்தவர்கள் கேட்டதற்குப் பின்சேர்க்கை

*சுரைக்காய் கசந்தது, நிறையப் புளி விட்டால் சரியாகுமா?* ஆகாது, சாப்பிடவும் கூடாது. சுரை, பீர்க்கு, வெள்ளரி எல்லாமே குக்கர்பிட்டேசின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்கக்கூடிய குடும்பம். அதிகமானால் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழுவே எச்சரித்திருக்கிறது. நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பதால், இப்போது மூன்றாம் படிக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

*அவரையில் அசுவினி ஒட்டியிருக்கிறது.* கறுப்பாக மொய்த்திருக்கும் நுனிகளைக் கிள்ளி எறியுங்கள். காயில் கொஞ்சமாக இருந்தால் குழாயடியில் விரலால் தேய்த்தாலே போய்விடும். பிறகு உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசுங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால், பறிக்க வேண்டியதைப் பறித்து முடித்த மாலையில் தெளியுங்கள். தெளித்த கையோடு பறித்தால் அந்த வாடை கூட்டு வரைக்கும் வரும்.

*எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான்.* அதில் மண்சட்டியும் கல்சட்டியும் சூடேறாது, காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். அடிகனமான இரும்பு வாணலியில் புளி சேர்த்தால் நிறம் கறுக்கும், இரும்பு ருசியும் ஏறும். எனவே இண்டக்‌ஷனில் வைக்கக்கூடிய அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தை எடுங்கள். அது மண்சட்டியைவிடச் சீக்கிரம் ஆறிவிடும், ஆகவே முன்னதாக அணைக்கச் சொன்னது உங்களுக்கு வேண்டாம். காய் முழுவதும் வெந்த பிறகே அணையுங்கள்.

*பீர்க்கங்காய்த் தோலை எறிந்துவிட்டோம்.* அடுத்த முறை எடுத்து வையுங்கள். நல்லெண்ணெயில் தோலைச் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், துளி புளி, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் அன்று இரவு தோசைக்குத் துவையல் தயார்.