குட்டி நாட்டுக்குப் பொய் வழிகாட்டி எழுதும்போது விடுகிற பிழைகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் ஆண்டுக்கொரு கையெழுத்துப் பத்திரிகை வரும். அதில் எல்லோரும் முதலில் புரட்டுவது கடைசி நாலு பக்கத்தைத்தான். யாரும் போகாத ஒரு குட்டி நாட்டுக்குச் சுற்றுலா வழிகாட்டி, முழுக்கப் பொய். வவுனியாவைத் தாண்டாதவர்களும் அதை வாசித்துவிட்டு அந்த நாட்டைப் பற்றி அரை மணி நேரம் கதைப்பார்கள். போனமுறை, ஐரோப்பாவில் சுவிஸுக்கும் ஒஸ்திரியாவுக்கும் நடுவில் இருக்கிற லிக்டன்ஸ்டைன். அதை எழுதி, வெட்டி, திரும்ப எழுதியதில் நாங்கள் விட்ட பிழைகள்தான் இந்தக் கட்டுரைக்கு முதலீடு.

பெரிய பிழை, உண்மை தெரியாமல் பொய் எழுதத் தொடங்குவது. எங்களில் ஒரு தம்பி ஒரே இரவில் எழுதிக்கொண்டு வந்தான். "இந்த நாட்டில் விமான நிலையம் கிடையாது. இராணுவம் கிடையாது. காசு பக்கத்து நாட்டுக் காசு. தேசிய கீதத்தின் மெட்டுகூட வேறொருவருடையது." விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு தேடிப் பார்த்தால் அத்தனையும் உண்மை. இராணுவத்தை 1868இல் கலைத்துவிட்டார்கள். புழங்குவது சுவிஸ் பிராங். கீதத்தின் மெட்டு பிரித்தானியாவின் கீதத்துக்கு உள்ள அதே மெட்டு. பாவம், தம்பி கண்விழித்து ஒரு பாடப்புத்தகம் எழுதியிருக்கிறான்.

குட்டி நாடுகளில் உள்ள வில்லங்கம் இதுதான்: அவற்றின் உண்மை நம்முடைய பொய்யை முந்திக்கொண்டு நிற்கும். 1936 பேர்லின் ஒலிம்பிக்குக்குப் போன இடத்தில்தான் தங்கள் கொடியும் ஹெயிட்டியின் கொடியும் ஒன்று என்று லிக்டன்ஸ்டைன்காரருக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு கொடியில் ஒரு கிரீடத்தை வரைந்துகொண்டார்கள். 2007 மார்ச்சில் சுமார் 170 சுவிஸ் படையினர் இரவுப் பயிற்சியில் வழிதவறி இந்த நாட்டுக்குள் நடந்து வந்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. 2011இல் ஓர் இரவுக்கு 70,000 டொலர் என்று நாட்டையே வாடகைக்கு விட விளம்பரம் வந்தது. இதற்கு மேல் நாம் என்னத்தைப் புளுகுவது?

அதனால் முதலில் உண்மைகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். பொய் அந்தத் தாளில் இல்லாத பக்கமாகத்தான் ஓட வேண்டும். எங்கள் ஊரை வைத்தே பாருங்களேன். "ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் ஒரு சின்னப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும், ஆட்கள் இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள், இன்னொரு கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கு எரிப்பார்கள்" என்று யாராவது வெளிநாட்டில் எழுதினால், நல்ல புளுகு என்று கைதட்டுவார்கள். முறிகண்டிப் பிள்ளையாரையும் வற்றாப்பளை அம்மனையும் தெரிந்த எங்களுக்கு அது அத்தனையும் உண்மை, அதில் என்ன பகிடி?

அடுத்தது, பயந்து பயந்து பொய் சொல்வது. லிக்டன்ஸ்டைனின் பரப்பு 160 சதுர கிலோமீற்றர். ஒருவர் அதை 175 என்று எழுதினார். அது பகிடியல்ல, எழுத்துப்பிழை. முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் பதினாறு லிக்டன்ஸ்டைனை இறக்கினாலும் கொஞ்ச இடம் மிஞ்சும். அவ்வளவு சின்ன நாட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து என்ன கண்டோம்? கடைசியில் இப்படி வந்தது: "மாரி தொடங்கியதும் நாடு நனையாமல் இருக்க, அதைப் பாய் மாதிரிச் சுருட்டி அரண்மனைப் பரணில் வைத்துவிடுவார்கள்."

சரி, சுருட்டியாயிற்று. இனி அதை மறக்கக் கூடாது. பொய் ஒன்று சொன்னால் அதன் பின்விளைவுகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அடுத்த பந்தியில் அதே மாரியில் சந்தை கூடுவதாக எழுதினால் வாசகன் கையை உதறிவிட்டுப் போய்விடுவான். நாங்கள் எழுதியது: "மழைக்காலத்தில் ஹோட்டல் அறைகள் வளைவாகக் கிடைக்கும். திரும்பிப் படுப்பவர்கள் மேல்மாடிக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி பெறவும். கடிதங்கள் சுருளின் இரண்டு முனைகளிலும் மட்டும் விநியோகிக்கப்படும்." இதில் எங்கேயும் சிரிப்புக் குறி இல்லை என்பதைக் கவனியுங்கள். பகிடி சொல்கிறவன் தானே முதலில் சிரித்தால் கதை கெட்டுவிடும். அறிவித்தல் பலகையில் கிராம அலுவலர் எழுதுகிற மாதிரி, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு எழுத வேண்டும். நேரம், கட்டணம், "குடை அனுமதிக்கப்படாது" எல்லாம் வேண்டும்.

ஊர்ச் சரக்கை அள்ளிக் கொட்டுவதும் ஒரு பிழை. தலைநகர் வாடூஸின் சந்தியில் ஓர் ஆச்சி கச்சான் விற்கட்டும், பரவாயில்லை. இளவரசர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கி, பிளேன்ரீ குடித்து, குளத்துக்கட்டில் காற்று வாங்கினால், அது கிளிநொச்சிக்கு வேறு பெயர் போட்டது.

அந்த நாட்டுச் சனத்தை மட்டந்தட்டி எழுத வேண்டாம். நாட்டின் அளவைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆட்களைப் பார்த்து அல்ல. இரண்டு நாள் வந்து நின்றுவிட்டு, வன்னி என்றால் காடும் யானையும்தான் என்று எழுதிவிட்டுப் போனவர்களை வாசித்து எரிச்சல் பட்டவர்கள் நாங்கள்.

இனிச் சொல்வது கொஞ்சம் சங்கடமானது. முதல் பிரதியில், "விசா தேவையில்லை, எல்லையில் அப்பாவின் பெயரைச் சொன்னால் போதும்" என்று எழுதியிருந்தோம். யாரோ அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து வட்சப்பில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஓர் அம்மா வாசிகசாலைக்கு வந்து, மகனுக்காகக் கேட்டார். வெளிநாடு அனுப்புகிறேன் என்றவனிடம் ஏற்கெனவே காணி விற்ற காசைக் கொடுத்து ஏமாந்தவர். எங்களுக்கு முகம் பார்க்க முடியவில்லை. அன்றோடு விசா, வேலை, மருந்து மூன்றிலும் பொய் இல்லை என்று முடிவெடுத்தோம். மிதிவெடிப் பலகை பற்றிய பகிடியும் இல்லை. அதை இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இன்னொன்றும் படித்துக்கொண்டோம்: எந்தப் பக்கத்தைத் தனியாகக் கிழித்தாலும் அதில் ஒரு பச்சைப் பொய்யாவது பளிச்சென்று தெரிய வேண்டும்.

உண்மையை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். நடுவில் ஒன்றை நட்டுவைத்தால் எது எது என்று வாசகர்கள் குழம்புவார்கள். நாங்கள் வைத்தது, அந்த நாட்டில் பொய்ப்பல் செய்து உலகமெல்லாம் அனுப்புகிறார்கள் என்பது. ஷான் என்ற ஊரில் அதற்குப் பெரிய தொழிற்சாலையே இருக்கிறது.

பத்திரிகை வந்த கிழமை, முன்வரிசைப் பல் இல்லாத ஐயா ஒருவர் வந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இதுவும் பொய்யோ?"

"இல்லை ஐயா. அது ஒன்றுதான் உண்மை."

"அப்ப என்ன விலை போகுதாம்?"