319, 320, 321: எண்ணெய் உறையைப் படித்துக் கணக்கிடுவது எப்படி?

சமையல் எண்ணெய், சிப்ஸ், பிஸ்கட் ஆகியவற்றை வாங்கும்போது, உறையில் உள்ள சேர்மானப் பட்டியலின் கடைசி வரிகளை முதலில் படியுங்கள், ‘ஆன்டிஆக்சிடன்ட் (ஐ.என்.எஸ். 319)’ என்பது போன்ற குறிப்பு பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். ஐ.என்.எஸ். என்பது உணவில் கலக்கும் சேர்மங்களுக்கான பன்னாட்டு எண் முறை. 319 என்பது டி.பி.எச்.க்யூ., 320 என்பது பி.எச்.ஏ., 321 என்பது பி.எச்.டி. எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்காமல் பல மாதங்கள் தாங்குவதற்காக இந்தச் செயற்கைச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். 306, 307 என்ற எண்களைக் கண்டால் அவை வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்தவை என்பதால், இந்தக் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

மூன்றில் அதிகம் விவாதிக்கப்பட்டது பி.எச்.ஏ. தீவனத்தில் 2 சதவீதம் அளவுக்கு இதைக் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் முன்வயிற்றில் கட்டிகள் உண்டானதை 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன் தொடர்ச்சியாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் வைத்தது. ஆனால் மனிதருக்கு முன்வயிறு என்ற உறுப்பே கிடையாது, நாம் உண்ணும் அளவும் அதைவிடப் பன்மடங்கு குறைவு. பி.எச்.டி.யை அதே முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என வகைப்படுத்த இயலாதவற்றுள் சேர்த்தது. டி.பி.எச்.க்யூ.வை ஜப்பான் அனுமதிப்பதில்லை. இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதிக்கின்றன. ஆக, எண்ணைப் பார்த்தவுடன் அஞ்சுவதும் சரியன்று, பொருட்படுத்தாமல் விடுவதும் சரியன்று. உடல் எடையை வைத்துக் கணக்கிடுவதே முறை.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு, வாழ்நாள் முழுவதும் அன்றாடம் உட்கொள்ளத்தக்க அளவாக, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் டி.பி.எச்.க்யூ. 0.7 மில்லிகிராம், பி.எச்.ஏ. 0.5, பி.எச்.டி. 0.3 என வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு டி.பி.எச்.க்யூ. நாளொன்றுக்கு 42 மில்லிகிராம் வரை ஆகும். ஒரு கிலோ எண்ணெயில் 200 மில்லிகிராம் என்ற அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் அது கலந்திருப்பதாகக் கொண்டாலும், 30 கிராம் எண்ணெயில் வருவது 6 மில்லிகிராம்தான்.

குழந்தைக்கு இதே கணக்கைப் போட்டால் விடை மாறுகிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தையின் டி.பி.எச்.க்யூ. வரம்பு 10.5 மில்லிகிராம், 35 கிராம் எண்ணெய் கொண்ட 100 கிராம் சிப்ஸில் 7 மில்லிகிராமும், வீட்டுச் சமையலின் 20 கிராம் எண்ணெயில் 4 மில்லிகிராமும் சேர்ந்தால் 11 ஆகிவிடும். பொரிக்கும்போது ஒரு பகுதி ஆவியாகிவிடும் என்பதாலும், வரம்பே தாராளமான பாதுகாப்பு இடைவெளியுடன் வகுக்கப்பட்டது என்பதாலும் ஒருநாள் மீறல் ஆபத்தன்று. அன்றாட வழக்கமாக்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் வீட்டு எண்ணெயைவிடக் குழந்தையின் நொறுக்குத்தீனியில் கைவைப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

இச்சேர்மங்கள் இல்லாத எண்ணெயை விரும்புவோர், சீக்கிரம் தீர்ந்துவிடும் சிறிய அளவில் வாங்கி, அடுப்பையும் வெயிலையும் விட்டுத் தள்ளி, இறுக மூடி வைக்க வேண்டும். நல்லெண்ணெய்க்கு எள்ளிலிருந்தே வரும் செசமால் என்ற இயற்கைச் சேர்மம் காவல் நிற்பதால் (நம் பாட்டிமார் வேறொன்றும் தேடவில்லை) அது சூரியகாந்தி எண்ணெயைவிட நன்றாகத் தாங்கும். எந்த எண்ணெயானாலும் திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதி வையுங்கள். சிக்கு வாடை வந்தபின் தாளிப்புக்கு மட்டுமாவது ஆகட்டும் என்று வைத்திருக்காமல் கொட்டிவிடுங்கள், ஏனெனில் காற்றில் கெட்ட எண்ணெயும் உடலுக்கு நல்லதன்று.