பின்சக்கர பேரிங்கை முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள்

காரின் பின்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றப் போகிறீர்களா? புது பேரிங்கைக் கவரோடு ஒரு பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், பேரிங் உட்காரும் பிரேக் டிரம்மை மறுநாள் வெயிலில் நன்றாகச் சூடேற விடுங்கள்.

60 மி.மீ. விட்டமுள்ள பேரிங் 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்குப் போனால் ஏறக்குறைய 0.03 மி.மீ. சுருங்கும், கேட்க அற்பமாக இருந்தாலும் டிரம்முக்குள் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே ஏறக்குறைய அந்த அளவு வித்தியாசம்தான் என்பதால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் குளிர் சீக்கிரம் போய்விடும், எல்லாம் தயாரான பிறகே வெளியே எடுங்கள். கழற்றிய பழைய பேரிங்கின் வெளி வளையத்தை மேலே வைத்து அதன்மேல் தட்டினால் நேராக இறங்கும். உள் வளையத்தில் மட்டும் தட்டவே கூடாது, குண்டுகள் தடம் பதித்துவிடும், அப்புறம் புது பேரிங்கும் ஊளையிட ஆரம்பிக்கும்.

பேரிங்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சேர்த்து முழு யூனிட்டாக போல்ட்டில் மாட்டும் வண்டிகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பேரிங்கின் சீலில் (பக்கவாட்டு மூடி) ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கர வேகத்தைக் காட்டும் காந்த வளையம் இருந்தால் சுத்தியலை மறந்துவிடுங்கள், லேத் பட்டறையில் கொடுத்து பிரஸ்ஸில் ஏற்றிக்கொள்வதே சரி.