பத்துப் பேருக்கு ஒடியல் கூழ்: கொழும்பு பிளாட்டில் முதன்முறை காய்ச்சுபவர்களுக்கு

பனங்கிழங்கு மாவும் கடலுணவும் போட்டுக் காய்ச்சும் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழைக் காய்ச்சலாம் என்று நினைக்கும்போதே யாரைக் கூப்பிடுவது என்பதையும் யோசித்துவிடுங்கள். நண்டு, இறால், கணவாய், மீன், பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாலே பானை நிரம்பிவிடும். இரண்டு பேருக்கென்று அளவைக் குறைத்தால் ருசியும் குறையும். ஊரில் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் காய்ச்சுவார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முற்றத்துக்கு எங்கே போவது? எட்டு லீற்றர் பானை ஒன்றும் காஸ் அடுப்பும் வேலைக்கு ஆள்களும் இருந்தால் குசினியிலேயே முடித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் தோது. வெள்ளி, செவ்வாயில் மச்சம் சாப்பிடாதவர்கள் நம் வீடுகளில் அநேகம். கூப்பிடும்போதே நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் யாரும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். எல்லாம் ஒரே பானையில் வேகிறபடியால் பிறகு ஒதுக்கி எடுக்க வழியில்லை. மரக்கறிக்காரருக்குச் சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சலாம். முறை இதேதான், கடலுணவு மட்டும் இல்லை.

கூழை இதுவரை குடித்தே பார்க்காதவர் என்றால், முதலில் சிநேகிதர்களோடு வெளியே போய் ஒருதரம் குடித்துப் பாருங்கள். வெள்ளவத்தைப் பக்கம் யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. கூழ் தினமும் வைக்கும் சாப்பாடு இல்லை, ஆகவே கேட்டுக்கொண்டு போங்கள். குடிக்கும்போது கவனிக்க வேண்டியது தடிப்பை. எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் படித்து விளங்கிக்கொள்வதைவிட நாக்கில் விளங்கிக்கொள்வது சுலபம்.

வாங்க வேண்டியவை (பத்துப் பேருக்கு)

ஒடியல் மா 250 கிராம். நடுத்தர நண்டு ஆறு. இறால் 300 கிராம், கணவாய் 250 கிராம். சதைப்பிடிப்பான மீன் அரைக் கிலோவும் ஒரு பெரிய மீன் தலையும். பயிற்றங்காய் பத்துப் பன்னிரண்டு, பலாக்கொட்டை இருபத்தைந்து, மரவள்ளிக்கிழங்கு கால் கிலோ, முருங்கை இலை இரண்டு கைப்பிடி. அரிசி ஒரு கைப்பிடி. செத்தல் மிளகாய் 15, பழப்புளி 75 முதல் 100 கிராம். மஞ்சள், மிளகு, நாலைந்து பல்லு உள்ளி, உப்பு. கடைசியில் கடித்துக்கொள்ள ஒரு தேங்காய்.

மாவு வாங்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டின் மாவும் கடைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கூழைத் தடிக்க வைப்பது ஒடியல் மா. பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையிலும், காலி வீதியோரத் தமிழ்க் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

மீனுக்கு விடியவே சந்தைக்குப் போய்விடுங்கள். பாரை, விளை மாதிரி முள் பெரிதாக இருக்கிற மீன் நல்லது. சின்ன முள் மீனைப் போட்டால் கூழுக்குள் முள்ளைத் தேட முடியாது, பிள்ளைகள் குடிக்கவே பயப்படுவார்கள். நண்டிலும் பெரிதுதான் வேண்டும் என்றில்லை. கொழும்புக் கோட்டையில் டச்சு ஹொஸ்பிட்டலில் மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் பங்காளிகளாகச் சேர்ந்து 2011 இல் திறந்த மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் உணவகத்தில், களப்பு நண்டைத் தட்டு நிறைய வைப்பார்கள். அங்கே நண்டே சாப்பாடு. கூழில் நண்டின் வேலை சாறு விடுவது. அதற்கு நடுத்தரக் கடல் நண்டே திறம், செலவும் குறைவு.

மாவை ஊறவைத்தல்

காலையில் முதல் வேலை இது. அகன்ற பாத்திரத்தில் மாவைப் போட்டு, நாலு மடங்கு தண்ணீர் விட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். தும்பு மிதந்தால் அள்ளி எறியுங்கள். பிறகு அசைக்காமல் விடுங்கள். முக்கால் மணி நேரத்தில் மா அடியில் படிந்து, மேலே மங்கலான தண்ணீர் நிற்கும். ஒடியலின் கைப்பு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். பாத்திரத்தை மெல்லச் சரித்து, மா கலங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். திரும்பவும் தண்ணீர் விட்டு இன்னொரு தரம் இப்படியே செய்யுங்கள். கைப்பு முழுக்கப் போகவும் கூடாது. இலேசான கைப்புத்தான் கூழைக் கூழாக்குகிறது. அதை ஒட்டக் கழுவிவிட்டால் மீன் ரசம் குடித்த மாதிரி இருக்கும்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தல்

வருகிறவர்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லாதீர்கள், பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். பெரியவர்கள் மேசையைச் சுற்றி இருந்து பலாக்கொட்டைத் தோலை உரிப்பார்கள், பயிற்றங்காயை முறிப்பார்கள். பிள்ளைகள் முருங்கை இலை உருவட்டும். எந்த ஊர்ப் பெரியம்மாவும் இந்த நேரத்தில்தான் தன் ஊர்க் கூழைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். மேசையில் ஒருவர் முகமும் தொலைபேசியில் இருக்காது. எனக்குக் கூழ் பிடிப்பதில் பாதிக் காரணம் இந்த ஒரு மணி நேரம்.

நண்டு துப்புரவாக்கப் பழகாதவர் ஒருவரைப் பழகியவரோடு சேர்த்து விடுங்கள். நண்டைக் கவிழ்த்தால் வயிற்றுப்பக்கம் ஒரு சின்ன மூடி தெரியும். அதை நெம்பிப் பின்பக்கமாக இழுக்க, மேல் ஓடு முழுதாகக் கழன்று வரும். இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல இருப்பது செவுள். அதைப் பிய்த்து எறிந்து, கழுவி, நண்டை நடுவில் இரண்டாக வெட்டுங்கள். பெரிய கால்களை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டுங்கள், ஓடு வெடித்தால் போதும். நசுக்கிவிட்டால் ஓட்டுத் துண்டுகள் கூழுக்குள் போய்விடும்.

இதற்கிடையில் செத்தல் மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, மிளகு, மஞ்சள், உள்ளி சேர்த்துப் பட்டுப் போல அரையுங்கள். புளியைக் கரைத்து வடித்து வையுங்கள். இஞ்சி வேண்டாம். மரவள்ளியோடு இஞ்சி சேரக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், கூழுக்கு அதன் தேவையும் இல்லை.

பானையில் போடும் வரிசை

மூன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கழுவிய அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, மீன் தலை முதலில் போகட்டும். இருபது நிமிடத்தில் கொட்டையைக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள், இறங்கினால் பயிற்றங்காயும் நண்டும். நண்டு சிவந்து, தண்ணீர் மேலே எண்ணெய் மினுங்கத் தொடங்கியதும் மீன் துண்டுகள். ஐந்து நிமிடம் கழித்து இறால். கணவாய் எல்லாவற்றுக்கும் கடைசி. கூடுதல் நேரம் கொதித்தால் அது றப்பர் ஆகிவிடும்.

மீன் போட்ட பிறகு அகப்பையை ஓட்டிக் கிண்டாமல், அடியிலிருந்து மெல்லத் தூக்கி விடுங்கள்.

மாவைக் கரைத்து விடுதல்

முழுக் கூழும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. அடியில் படிந்த மாவோடு அரைத்த மிளகாயையும் புளித்தண்ணீரில் முக்கால்வாசியையும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். அடுப்பைக் குறைத்து, ஒருவர் மெல்ல ஊற்ற, மற்றவர் கைவிடாமல் துழாவ வேண்டும். இரண்டு பேர் கட்டாயம். துழாவுகிறவர் பானையின் அடியை அகப்பையால் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். மா அடியில் பிடித்தால் கருகல் மணம் பானை முழுக்க ஏறிவிடும்.

நாலைந்து நிமிடத்தில் கூழ் தடிக்கும். அகப்பையைத் தூக்கிச் சரித்துப் பாருங்கள்: தண்ணீராய் ஓடாமல், கட்டியாய் விழாமல், அகப்பையின் முதுகில் ஒரு படலம் நிற்க வேண்டும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் வேண்டியதைவிடச் சற்று இளக்கமாக நிறுத்துங்கள். முருங்கை இலையைத் தூவி, இன்னும் ஐந்து நிமிடம் சிறு தீயில் விடுங்கள்.

உப்பை இதுவரை தொடாமல் இருப்பதுதான் நல்லது, கடலுணவே கொஞ்சம் உப்புக் கொண்டுவரும். இப்போது போட்டு, ஒரு கரண்டியில் எடுத்து வீட்டில் நாக்கு நம்பத்தக்க ஆளிடம் நீட்டுங்கள். "மாமி, புளி காணுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ." அவர் சொல்வதைப் பார்த்து மீதிப் புளியை விடுங்கள். உறைப்பும் புளிப்பும் நாக்கில் சேர்ந்தாற்போல ஏற வேண்டும்.

குடித்தல்

பலா இலை கிடைத்தால் விடாதீர்கள். கொழும்பிலும் பழைய வீட்டு வளவுகளில் பலா நிற்கிறது, தெரிந்தவர்களிடம் கேளுங்கள். பெரிய இலையைக் கழுவித் துடைத்து, கூம்பாக மடித்து, ஈர்க்குத் துண்டால் குத்தினால் குடிக்கும் கோப்பை தயார். இலை இல்லையென்றால் சிரட்டை, அதுவும் இல்லையென்றால் தேத்தண்ணிக் கோப்பை. கூழ் சுடச்சுட இருக்கும்போதே பானையை நடுவில் வைத்து, தேங்காய்ச் சொட்டைத் தட்டில் போட்டு, எல்லோரும் தரையில் சுற்றி இருங்கள். நண்டுக் கால் உறிஞ்ச வெட்கப்படும் விருந்தாளிக்குக்கூடத் தரையில் இருந்தால் கூச்சம் போய்விடும். சிங்கள நண்பர்கள் வந்தால் உறைப்பைக் குறைக்க வேண்டுமோ என்று யோசிக்காதீர்கள், உறைப்புக்கு அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. நான் பார்த்தவரை இரண்டாம் கோப்பையை முதலில் நீட்டுவதும் அவர்கள்தான்.

மிஞ்சினால் ஆறியதும் தாமதிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த நாள் காலையில் கொதித்த தண்ணீர் கொஞ்சம் விட்டு இளக்கி, நன்றாகக் கொதிக்க வைத்து முடித்துவிடுங்கள். மறுபடி மறுபடி சூடாக்க வேண்டாம். வெறும் பானைக்கு உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். ஒடியல் மா காய்ந்து பிடித்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.